இன்கமிங் இலவசம்

என் கணவருக்குப் பேச்சு வராது என்பது கல்யாணத்துக்கு முன்பே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று என் சித்தப்பா அவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து, தங்கமான பையன், நான் சொன்னதையெல்லாம் ஒத்துக்கொண்டான் என்றார். பேசாத மாப்பிள்ளை சண்டைக்கு வரமாட்டார் என்று அம்மா கணக்குப் போட்டாள். சண்டை போடுவதற்கும் ஓர் ஆள் எதிரில் இருக்க வேண்டும் என்பது எனக்குப் புனேவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரிலிருந்து வந்தோம். அவர் சர்க்கரை ஆலைகளுக்கு இயந்திரம் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். இயந்திரம் எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே போய், பொருத்தி, ஓடவிட்டு, சர்க்கரை ஒழுங்காக விழ ஆரம்பித்த பிறகு திரும்பி வருவது அவர் வேலை. முதலில் மகாராஷ்டிரத்துக்குள்ளேயே அலைந்தார். பிறகு கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. கென்யா, சூடான், இந்தோனேசியா என்று கரும்பு விளைகிற இடமெல்லாம் போனார். எனக்குக் கரும்பு என்றாலே கோபம் வரும் நிலை வந்தது. பொங்கலுக்குக்கூட வாங்குவதை விட்டுவிட்டேன்.

நான் வங்கியில் வேலை பார்த்தேன். கோவைக் கிளையிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு ஏரவாடா கிளையில் கவுண்ட்டரில் உட்கார்ந்தேன். வீடு விஷ்ராந்த்வாடியில். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி எழுத இது இடமில்லை. காலையிலிருந்து மாலைவரை இந்தியும் மராத்தியும் பேசி, அவ்வப்போது இங்கிலீஷ் பேசி, சாயங்காலம் பூட்டைத் திறந்து வீட்டுக்குள் நுழைந்தால் தமிழில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. கிளைக்கு எப்போதாவது ஒரு தமிழ்க் கட்டடத் தொழிலாளி பணம் கட்ட வருவார். அவருக்கு மட்டும் சலானை நானே எழுதிக்கொடுப்பேன். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், அங்கே மழை உண்டா என்று விசாரித்து முடிப்பதற்குள் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள். முணுமுணுக்கட்டும் என்று இருப்பேன்.

பிற்பாடு எங்கள் மாடிக்குமேல் சென்னையிலிருந்து ஓர் இளம் ஜோடி குடிவந்தது. இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. அவர்களோடு படிக்கட்டில் "நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி" என்பதோடு சரி. ஆனால் அவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நன்றாகச் சண்டை போடுவார்கள். பால் ஏன் வாங்கவில்லை, உங்க அம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க, ஏ.சி.யை யார் அணைக்காமல் போனது என்று சுத்தமான தமிழில், உச்சக்குரலில். அது தொடங்கியதும் நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அடுத்தவர் வீட்டுச் சண்டையைக் கேட்பது அநாகரிகம் என்று தெரியும். ஆனாலும் கேட்பேன். அந்தப் பெண் பதில் சொல்ல முடியாமல் திணறும்போது கீழே நான் நல்ல பதில் ஒன்றை எடுத்துக்கொடுப்பேன், மனசுக்குள்.

இனி போன் கதைக்கு வருகிறேன். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கம்பெனி அவரை மொபைல் எடுக்கச் சொன்னது. உள்ளூரிலேயே பேச்சு விலை அதிகமாக இருந்த காலம் அது. வெளிநாட்டில் ரோமிங் என்றால் கேட்கவே வேண்டாம். நாம் கூப்பிட்டாலும் காசு, நமக்கு வந்தாலும் காசு. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று வளர்ந்த மனிதர் அவர். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டரில் கடக்வாஸ்லா அணைக்குப் போனோம். கரையில் உட்கார்ந்து சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தபோது அவராகவே பேச ஆரம்பித்தார். நான் ஆச்சரியப்பட்டு முகத்தைத் திருப்பினேன். அவர் சொல்லத் தொடங்கியது மிஸ்டு கால் சட்டம்.

ஒரு மணி அடித்துக் கட் செய்தால் நலம் என்று அர்த்தம். நான் அடித்தால் அவர் கட் செய்ய வேண்டும். அது அவருடைய நலம். இரண்டு மணி என்றால் ஊர் மாறுகிறேன், கவலைப்படாதே. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஆபத்து, எடுத்தே ஆக வேண்டும். இதைச் சோள முத்துகளைத் துண்டின்மேல் ஒன்று, இரண்டு, வரிசையாக என்று வைத்துக் காட்டி விளக்கினார். அவ்வளவு நேரம் அவர் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. பேசாமல் இருப்பதற்கான திட்டத்தை விளக்கத்தான் அவர் அத்தனை பேச்சும் செலவழித்தார்.

அப்படித்தான் ஐந்தாறு வருஷம் ஓடியது. சாயங்காலம் வங்கியிலிருந்து வந்து, கை கால் கழுவி, விளக்கேற்றி, பிறகு போனை எடுப்பேன். அந்தப் பக்கம் மணி அடிக்கும். அவர் கட் செய்வார். அன்றைய குடும்ப வாழ்க்கை முடிந்தது. இதில் எனக்கு ஒரு விசித்திரமான தேர்ச்சி வந்தது. அவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு மணிதான் என் காதில் கேட்கும். ஆப்பிரிக்கப் பக்கம் நம் ஊர் மாதிரி இரட்டை இரட்டையாக அடிக்கும். கிழக்கே போனால் ஒரே நீட்டாக, நடுவில் பெரிய இடைவெளி விட்டு அடிக்கும். மணியைக் கேட்டே விமானம் மாறிவிட்டாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று சொல்லிவிடுவேன். அவர் கட் செய்யக் கொஞ்சம் தாமதமானால் சந்தோஷமாக இருக்கும், இன்னும் ஒரு மணி கேட்கலாமே என்று. கணவன் குரலுக்கு ஏங்க வேண்டிய மனுஷி டெலிபோன் மணிக்கு ஏங்கினேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்பார்களே, அந்தக் கதை.

காசு மட்டும்தான் குறுக்கே நிற்கிறது என்று அப்போது முழுசாக நம்பினேன். ரோமிங் மட்டும் இல்லாவிட்டால் இந்த மனிதர் என்னோடு பேசுவார். தினமும் கால் மணி நேரமாவது பேசுவார். அந்த நம்பிக்கையில்தான் காலத்தை ஓட்டினேன்.

பிறகு வியட்நாமில் ஓர் ஆலை வந்தது. நகரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, கரும்புக் காட்டுக்கு நடுவில். அவர் வைத்திருந்த செல்போன் கம்பெனியின் சிம் அங்கே எடுக்கவில்லை. நான் அடித்தால் மணியே கேட்காது. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் மராத்தியில் சொல்வாள், பிறகு இந்தியில் சொல்வாள், பிறகு இங்கிலீஷில் சொல்வாள். வாரத்துக்கு ஒருமுறை ஆலை ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டு, நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். மற்ற நாட்களில் மணிச் சத்தம்கூட இல்லை. அந்த இரண்டு மாதம் நான் என்னோடு நானே சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். குக்கரிடம், பூட்டிடம், பால் பாக்கெட்டிடம். ஒருநாள் கண்ணாடியைப் பார்த்து "சாப்ட்டாச்சுங்களா" என்று கேட்டுவிட்டு எனக்கே பயமாகிவிட்டது.

அவர் திரும்பி வந்தார். அந்த ஆலைக்கே மறுபடியும் போக வேண்டியிருந்தது. வேறு கம்பெனி சிம் வாங்க வேண்டும் என்று சொன்னேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "நீயே பாத்து ஒண்ணு வாங்கீரு" என்றார். சரி, என்னிடம் விட்டாயிற்று, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரம் செல்போன் கம்பெனிகளை நான் ஆராய்ந்தமாதிரி கடன் கேட்டு வந்தவர்களைக்கூட ஆராய்ந்ததில்லை. ஒரு கம்பெனி நாடுகளின் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டிருந்தது. உற்றுப் பார்த்தால் நாம் போகாத நாடுகளாக இருக்கும். இன்னொரு கம்பெனியில் வியட்நாம் உண்டு, ஆனால் நகரங்களில் மட்டும்தான் எடுக்கும் என்று அங்கே போய்வந்த அவருடைய ஆபீஸ்காரர் ஒருவர் சொன்னார். வெளிநாட்டு நம்பரையே வாடகைக்குக் கொடுக்கிற ஏற்பாடும் இருந்தது. அதில் அவருக்கு வருகிற அழைப்பு இலவசம்; ஆனால் நான் ஐ.எஸ்.டி. போட்டுக் கூப்பிட வேண்டும். கடைசியில் விஷயம் எனக்கு இப்படித்தான் விளங்கியது: ரோமிங் என்றால் அவர் காதுக்குக் காசு, வெளிநாட்டு சிம் என்றால் என் வாய்க்குக் காசு. இரண்டுக்கும் காசில்லாத இடம் ஒன்று வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து கேம்ப் பகுதியில் இருந்த மூன்றாவது கம்பெனியின் கடைக்குப் போனேன். உள்ளே நல்ல குளிர். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, இந்தியில் விசாரித்தாள். எந்த நாடு, வருஷத்தில் எத்தனை மாதம் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, அவருக்கு வருகிற அழைப்பு அதிகமா, அவர் செய்கிற அழைப்பு அதிகமா என்று கேட்டாள். அதைப் பொறுத்துத்தான் திட்டமாம்.

இரண்டும் இல்லை, மிஸ்டு கால்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை. மிஸ்டு காலுக்கு எதற்கு ஆன்ட்டி இவ்வளவு பெரிய திட்டம், எந்தக் கம்பெனி என்றாலும் போதுமே என்றாள். வங்கியில் எத்தனை பேர் முன்னால் எத்தனை கோபத்தை விழுங்கியிருப்பேன். அன்று விழுங்க முடியவில்லை. மிஸ்டு காலை நிறுத்தத்தான் வந்திருக்கிறேன் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் ஒரு நீள அட்டையை எடுத்துக் காட்டினாள். புதுத் திட்டம், மாத வாடகை கொஞ்சம் கூட. ஆனால் குறிப்பிட்ட சில நாடுகளில் இன்கமிங் இலவசம். வியட்நாம் அதில் இருந்தது. அந்த மாவட்டத்தில் சிக்னல் உண்டா என்று கணினியில் பார்த்துச் சொன்னாள். உண்டு. நான் இங்கிருந்து உள்ளூர் அழைப்பு மாதிரி கூப்பிடலாம், அவர் அங்கே காசில்லாமல் கேட்கலாம். என் பெயரிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் நடந்தபோது பாதாம் பால் குடிக்க வேண்டும் போலிருந்தது. குடித்தேன். தனியாக வெளியே ஒன்றை வாங்கிச் சாப்பிட்டது எனக்கு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நம்பர் மாறுகிறதே என்று அவர் முகத்தைச் சுளித்தார். பழைய நம்பர் விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்தது. கம்பெனியை மாற்றினால் நம்பரும் மாறித்தான் ஆக வேண்டும், அந்தக் காலத்தில் வேறு வழியில்லை. அட்டையில் பழைய நம்பரைப் பேனாவால் அடித்துப் புதிதை நானே எழுதிக்கொடுத்தேன். இன்கமிங் இலவசம் என்பதையும் தெளிவாகச் சொன்னேன், இரண்டு முறை. தலையாட்டினார். பெட்டி கட்டும்போது மூன்றாம் முறையும் சொன்னேன்.

அவர் கிளம்பியதிலிருந்து பேச வேண்டியதைச் சேர்க்க ஆரம்பித்தேன். கிளைக்குப் புது மேனேஜர் வந்தது, அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பேசுவது. ஆளந்தி சாலையில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் எங்கள் ரிக்‌ஷா இறங்கி நின்றது. மேல்மாடிப் பெண் கோபத்தில் அம்மா வீட்டுக்குப் போய், ஒரே வாரத்தில் ஊறுகாயோடு திரும்பி வந்தது. எல்லாவற்றையும் எந்த வரிசையில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் ஆலைக்குப் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் போட்டேன். நீள மணி அடித்தது. ஒரே மணி, கட் செய்துவிட்டார். சட்டப்படி நலம். பழக்கதோஷம், மறந்திருப்பார் என்று மறுபடி போட்டேன். மறுபடி கட் செய்தார். மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தார். குரலில் மூச்சு வாங்கியது.

"என்னாச்சு? ஆருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மாத்தான் கூப்பிட்டேன். இன்கமிங் ஃப்ரீங்க, சொன்னனில்ல."

"சும்மாவா?" என்றார். பின்னால் ஏதோ பெரிய இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. பிறகு, "சரி, சொல்லு" என்றார்.

சொல்லு என்றவுடன் ஒன்றும் வரவில்லை. மேனேஜரும் பள்ளமும் ஊறுகாயும் எங்கே போயின என்றே தெரியவில்லை. சிலிண்டர் தீர்ந்துவிட்டது, புதுசு வந்துவிட்டது என்றேன். "ம்" என்றார். மழை பெய்தது என்றேன். "ம்" என்றார். பிறகு, "வேற?" என்று கேட்டார். வேறு ஒன்றுமில்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டார். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.

முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். தொடர்ந்து கூப்பிட்டேன். தினமும் எடுத்தார், அதைக் குறை சொல்ல முடியாது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். வேலை எப்படி, போகிறது. பிறகு அந்த "வேற?" வந்துவிடும். எங்கள் வங்கியில் கூட்டம் அதிகமான நாளில் நானே கஸ்டமரிடம் அப்படித்தான் கேட்பேன், அடுத்து யார் என்பதற்குப் பதிலாக. ஒருநாள் எப்படியாவது ஊறுகாய்க் கதையைச் சொல்லிவிடுவது என்று ஆரம்பித்தேன். பாதியில், யார் அந்த மேல்மாடிப் பெண் என்று கேட்டார். அவளும் புருஷனும் குடிவந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் கதையை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

அன்றைக்குத்தான் அழுதேன். ரோமிங்கைத் திட்டிக்கொண்டிருந்தவரை எனக்கு ஒரு புருஷன் இருந்தார், காசு மட்டும் இருந்தால் வாய் ஓயாமல் பேசக்கூடிய புருஷன். இலவசம் என்று ஒரு கம்பெனியைத் தேடிப் பிடித்து அந்த ஆளைத் தொலைத்துவிட்டேன் என்று தோன்றியது. இதை யாரிடம் சொல்வது? சொல்வதற்கு ஆள் இருந்தால் அழ வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

மறுநாளிலிருந்து பழையபடி மிஸ்டு காலுக்குத் திரும்பினேன். ஒரு மணி அடிக்கட்டும், அவர் கட் செய்யட்டும், போதும். ஆனால் அன்றைக்கு அவர் கட் செய்யவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நானும் வைக்க மறந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். முடிவில் ஒரு பெண் அந்த ஊர் மொழியில் ஏதோ சொல்லி, இணைப்பு அறுந்தது. நிறுத்தாமல் அடித்தால் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டவரே எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? மறுபடி போட்டேன். மறுபடியும் முழுக்க அடித்து அறுந்தது. பாய்லர், கிரேன், ஓடுகிற பெல்ட் என்று கண்ட கண்ட காட்சியெல்லாம் மனசில் வந்தது. அப்போது அவரிடமிருந்து ஒற்றை மணி வந்து கட் ஆனது. நலம்.

ஆக, போன் கையில்தான் இருந்திருக்கிறது. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. பயம் போன வேகத்தில் கோபம் ஏறியது. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். நான் அடித்தால் கட் செய்யவும் மாட்டார், எடுக்கவும் மாட்டார். முழு மணியும் அடித்து அந்தப் பெண் வந்து பேசிவிட்டுப் போன பிறகு, அவர் ஒற்றை மணி அடித்து வைப்பார். ஒரு பொத்தானை அமுக்குகிற அளவுக்குக்கூட நான் பெறமாட்டேனா என்று கொதித்துக்கொண்டிருந்தேன். அவர் வரட்டும், இந்தக் கம்பெனியை முதலில் தலைமுழுக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வந்தார். குளித்தார். சாப்பிட உட்கார்ந்தார். ரசம் ஊற்றிக்கொண்டே, திங்கட்கிழமை அந்த சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். ஏன் என்றேன். இருக்கட்டும் என்றார். எதற்கு இருக்கட்டும், எடுக்காத போனுக்கு மாத வாடகை எதற்கு என்று கரண்டியைக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் எனக்கே முழுசாக ஞாபகம் இல்லை. ஒரு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. நான் குக்கரோடு பேசுவதைச் சொன்னேன். தமிழ்க் கட்டடத் தொழிலாளியின் பிள்ளைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும், என் புருஷன் அங்கே எந்த அறையில் படுக்கிறார் என்று தெரியாது என்றேன். செத்தாரோ பிழைத்தாரோ என்று நான் நடுங்கியதைச் சொன்னேன். பேசப் பேசக் குரல் ஏறியது. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஒன்றைக் கவனித்தேன். மேல்மாடியில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் அடங்கியிருந்தது.

கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். "கையில போனை வெச்சுட்டே எதுக்குங்க எடுக்கல?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசச் சாதம் ஆறிப்போயிருந்தது.

"நீ கூப்பிட்டா ஸ்க்ரீன்ல வீடுன்னு வருது," என்றார். "எடுத்தா பேசோணும். எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல. ரெண்டு வார்த்தையில தீந்துபோகுது, நீயும் வெச்சர்ற. எடுக்காம இருந்தா நீ கூப்பிட்டுட்டே இருக்கற."

நான் எதிர்நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது அங்கேயேதான் இருந்தது, பக்கத்திலேயே வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. கரும்புக் காட்டுக்கு நடுவில், ஷிப்ட் முடிந்து, கட்டிலில் உட்கார்ந்து, ஒளிர்கிற அந்தச் சின்னத் திரையை இந்த மனிதர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்தப் பக்கம் நான் மணியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியவில்லை.

"வேற?" என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்த ஊறுகாய், என்ன ஊறுகாய்?" என்றார்.

ஆவக்காய் என்றேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அவர் வாயாடியாகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. என் தனிமை தீர்ந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். அடுத்த பயணங்களிலும் சாயங்காலம் பூட்டைத் திறந்து இருட்டு வீட்டுக்குள்தான் நுழைந்தேன். ஆனால் சிம்மைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கை கால் கழுவி, விளக்கேற்றிவிட்டு, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டு போடுவேன். நீள மணி அடிக்கும். அவர் எடுக்கமாட்டார். நானும் வைக்கமாட்டேன். அந்த ஊர்ப் பெண் வந்து ஏதோ சொல்லி அனுப்பும்வரை இருவரும் இருப்போம். சில நாள் இரண்டாவது முறையும் போடுவேன். அந்த நேரத்தில் சில சமயம் மேனேஜரைப் பற்றியும் பள்ளத்தைப் பற்றியும் மணியிடமே சொல்லிவிடுவேன், சத்தமாக, தமிழில்.

ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் வங்கி கவுண்ட்டரில் இருக்கும்போது, சிம் என் பெயரில் இருந்ததால், அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து வங்கி நம்பருக்கே எனக்குப் போன் வந்தது. எதிரில் கூட்டம் நின்றது. ஒரு பெண் மிகவும் மரியாதையாக இந்தியில் பேசினாள். பதிவைப் பார்த்தேன் மேடம், இந்த நம்பரில் வெளிநாட்டில் சில மாதங்களாக இன்கமிங் ஒரு நிமிடம்கூட இல்லை, வீணாக வாடகை கட்டுகிறீர்கள், குறைந்த திட்டத்துக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.

நீங்கள் இதைப் பயன்படுத்தவே இல்லையே என்றாள் அவள், என்மேல் உண்மையான அக்கறையோடு.

தினமும் பயன்படுத்துகிறோம் என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற அடுத்தவரின் பாஸ்புக்கை வாங்கினேன்.